மார்பு எடுத்த பிறகு திரும்ப அமைத்துக்கொள்ள முடியுமா? குமரி எல்லையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

களியக்காவிளை பக்கத்திலிருந்து ஒரு தங்கை தன் மைனிக்காக, அதாவது அண்ணன் மனைவிக்காகக் கேட்டிருக்கிறார். மைனிக்கு 43 வயது, அண்டி ஆபீஸில் (முந்திரிக் கம்பெனியில்) வேலை. இடது மார்பை முழுதாக எடுத்து, கீமோ முடித்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது மாத்திரை மட்டும்தான். மார்பைத் திரும்ப அமைக்க முடியும் என்பதே, கீமோவுக்குப் போன இடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லித்தான் தெரிந்ததாம். இனிமேல் செய்யலாமா, செய்தால் புற்று திரும்பி வருமா, காப்பீட்டு அட்டையில் வருமா, திருவனந்தபுரமா தமிழ்நாட்டுப் பக்கமா, மைனியின் பெயர் இன்னும் கேரளத்துப் பாறசாலையில் தாய்வீட்டு ரேஷன் கார்டில் இருப்பது சிக்கலாகுமா, "இந்த வயசுல இது எதுக்கு" என்று வீட்டில் கேட்கிறார்களே அதற்கு என்ன சொல்வது. இத்தனையும் கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எது மைனிக்குப் பொருந்தும் என்பதை அவரை நேரில் பார்க்கும் சர்ஜன்தான் சொல்ல முடியும். என்னால் சொல்ல முடிவது, அந்த சர்ஜன் முன்னால் போய் உட்காரும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது.

செய்யலாம். எட்டு மாதம் என்ன, எட்டு வருஷம் கழித்தும் செய்கிறார்கள். இதைச் செய்வதால் புற்று திரும்பி வருவதில்லை. வருவதை மறைத்து வைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். எடுத்த இடத்தில் மறுபடி வந்தால் பெரும்பாலும் தோலிலோ தோலுக்குச் சற்றுக் கீழேயோதான் தட்டுப்படும், கையால் தடவிப் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கரண்டு வைத்த தோல் ஆறித் தளர வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு மாதம், பல சர்ஜன்கள் ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மைனி தாமதமாகிவிட்டவர் இல்லை. போய்ப் பேசுவதற்குச் சரியான நேரத்தில்தான் இருக்கிறார்.

ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. நான் பார்த்த வரையில் பணம் இரண்டாவது தடை. முதல் தடை, யாரும் வாயைத் திறப்பதில்லை என்பது. புற்றை எடுக்கும் சர்ஜன் வேறு, மார்பை அமைக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் வேறு. பல ஆஸ்பத்திரிகளில் இரண்டாமவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டார். ஓ.பி.யில் கூட்டம் நெரிக்கும். "உசிரு பிழைச்சா போதும்" என்று நோயாளியின் சொந்தக்காரரே டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவார். இன்னொன்றும் உண்டு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: சேலை கட்டி வரும் கூலிக்காரப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறோம். நகரத்துக்காரி ஒருத்தி அதே ஓ.பி.யில் உட்கார்ந்தால் அவளிடம் சொல்வோம். அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள்: மார்பு எடுப்பதற்குப் பணம் தரும் காப்பீடு, திரும்ப அமைப்பதற்கும் தர வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக வர மற்ற மார்பைச் சரிசெய்தால் அதற்கும் தர வேண்டும் என்று. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் கேட்டால்தான் கிடைக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் ஆபரேஷன் ஆகாதவர் யாராவது இருந்தால், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். "மார்பை முழுசா எடுக்காம கட்டியை மட்டும் எடுத்துக் கரண்டு வைக்க என் கேஸில் முடியுமா?" "முழுசா எடுத்துத்தான் ஆகணும்னா, எடுக்கும் முன்னாடி ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கலாமா?" எடுக்கும் அன்றைக்கே அமைப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. ஒத்துவருகிறவருக்குத் தோலை மிச்சம் பிடிக்கலாம், ஒரு பெரிய மயக்கமும் மிச்சம்.

சரி, மைனி விஷயத்துக்கு வருவோம். வழிகள் பொதுவாக இரண்டு. ஒன்று சிலிக்கான் வைப்பது. இன்னொன்று அவர் உடம்பிலிருந்தே சதையும் கொழுப்பும் தோலும் எடுத்து அமைப்பது.

சிலிக்கான் கேட்க எளிதாக இருக்கும். முதலில் மார்புத் தசைக்கு அருகே ஒரு காலிப் பையை வைத்து, வாரா வாரம் ஊசியால் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு நிலையான சிலிக்கானை வைப்பார்கள். ஆனால் கரண்டு வைத்த தோல் இப்படி விரிந்துகொடுக்காது. சிலிக்கானைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வு கட்டும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். கரண்டு பட்ட இடத்தில் அந்தச் சவ்வு இறுகிக் கல் மாதிரி ஆகி, வலித்து, மார்பு மேலே ஏறிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். புண் ஆறாமல் வெளியே எடுக்கவும் நேரலாம். அப்புறம், சிலிக்கான் ஆயுளுக்கும் வருவதில்லை, ஒருநாள் மாற்ற வேண்டிவரும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் ஒரு வகையில் அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்று தெரியவந்து, 2019இல் அலர்கன் கம்பெனி அந்த வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. யாராவது சிலிக்கான் என்று சொன்னால் வழவழப்பானதா என்று கேளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள்.

கரண்டு வைத்தவர்களுக்குச் சொந்தச் சதையே பெரும்பாலும் நல்லது என்பார்கள். அதில் முதல் வகை முதுகிலிருந்து வருவது, எல்.டி. ஃபிளாப் என்று வார்டில் சொல்வோம் (ஃபிளாப் என்றால் ரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றி வைக்கும் சதை). முதுகின் அகலமான தசையை அதன் ரத்தக்குழாயை அறுக்காமல் அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவார்கள். நல்லமிளகுக் (கருமிளகு) கொடியை வேர் இருக்கிற இடத்திலேயே விட்டு, பக்கத்து மரத்துக்குப் படர்த்திவிடுவது போல. தழும்பை பாடி பட்டை மறைக்கும் இடத்தில் போட முடியும். பல வருஷமாகச் செய்துவரும், நம்பகமான ஆபரேஷன். சதை கொஞ்சம்தான் கிடைக்கும் என்பது குறை. பெரிய மார்பு என்றால் இதோடு சிலிக்கானோ வேறு இடத்துக் கொழுப்போ சேர்க்க வேண்டிவரும். அந்தத் தசை போனால் அன்றாட வேலைக்குப் பெரிய குறை தெரியாது. ஆனால் கிணற்றில் நீர் இறைக்கிறவர், ஏணி ஏறுகிறவர், பாரம் இழுக்கிறவர் அதை உணர்வார். மைனி அண்டி ஆபீஸில் உட்கார்ந்து தோல் உரிக்கிறாரா, சாக்கு தூக்குகிறாரா என்பதை சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். "வீட்டு வேலை" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வகை வயிற்றிலிருந்து வருவது. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலும் கொழுப்பும். வயிற்றுத் தசையோடு சேர்த்து மேலே திருப்பினால் டிராம், 1980களிலிருந்து செய்துவருகிறார்கள். தசையை விட்டுவிட்டுக் கொழுப்பையும் அதன் மெல்லிய ரத்தக்குழாயையும் மட்டும் தனியே எடுத்து, மார்பில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் தைத்தால் அது டீப் ஃபிளாப். இதில் வயிற்றின் பலம் அவ்வளவாகக் குறையாது, குடலிறக்கம் வரும் வாய்ப்பும் குறைவு. ஆனால் மணிக்கணக்காக நடக்கும் ஆபரேஷன், கை தேர்ந்த மைக்ரோ சர்ஜரி குழு வேண்டும். அந்த வகையில் நம் பகுதிக்குக் குறைவில்லை. கோவை கங்கா மருத்துவமனை மைக்ரோ சர்ஜரியில் நாடறிந்த இடம். இந்தியாவில் முதல்முதலாக இன்னொருவரின் கைகளை எடுத்துப் பொருத்தியது 2015இல் கொச்சி அம்ரிதாவில். தூரமும் செலவும்தான் கேள்வி.

வயிற்றில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் சொல்லிவிடுங்கள். சிசேரியன் தழும்பு அடியில் குறுக்கே இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. கர்ப்பப்பை எடுத்த தழும்பு நேராக மேலேறி இருந்தால் திட்டம் மாறும். சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். மாத்திரை என்று நீங்கள் எழுதியிருப்பது தமாக்சிஃபென் என்றால், ரத்தம் உறையும் ஆபத்து காரணமாக ஆபரேஷனுக்கு முன் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

டீப் ஃபிளாப் செய்து வந்தவரை முதல் இரண்டு நாள் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலையிலேயே படபடப்பானது. மணிக்கொரு தரம் புதிய மார்பின் தோலை விரலால் அழுத்தி விடுவோம். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராமல் வெளுத்தே கிடந்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. அழுத்தி எடுத்ததும் சட்டென்று நீலம் பாய்ந்தால் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியைத் தையல் போட்டு அடையாளம் வைத்த புள்ளியில் வைத்தால் நாடி சத்தம் கேட்கும். சத்தம் மங்கினால் நடுராத்திரி என்றாலும் சர்ஜனைக் கூப்பிட்டு மறுபடி தியேட்டர். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. "ராத்திரி ஃபிளாப்பை யார் பார்ப்பாங்க, பிரச்சினைன்னா உடனே தியேட்டர் கிடைக்குமா?" என்று ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. பெயர் பெரிதா சிறிதா என்பதைவிட இந்தப் பதில் முக்கியம்.

கடைசியில் என்ன கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். துணிக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். துணி இல்லாமல் பார்த்தால் தழும்பு தெரியும். தொட்டால் பழைய உணர்ச்சி இருக்காது, பெரும்பாலும் மரத்தே இருக்கும். சுடுவெந்நீர் ஒத்தடம் கூடாது என்று அதனால்தான் சொல்வோம், கொப்புளம் வந்த பிறகே தெரியும். காம்பைச் சில மாதம் கழித்து அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சின்ன ஆபரேஷனில் அமைப்பார்கள், சுற்றியுள்ள கருவட்டத்துக்குப் பச்சை குத்துவார்கள். ஆக ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. எடுக்கும்போது அக்குள் நெறிகளையும் எடுத்திருந்தால் இடது கையில் ஊசியும் பி.பி.யும் வேண்டாம் என்ற கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும்.

இனி பணம். எல்லைக்காரர்களுக்கு இதுதான் முடிச்சு.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு. கேரளத்தில் இதற்கு இணையானது காஸ்ப் எனப்படும் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, அதுவும் குடும்பத்துக்கு 5 லட்சம். இரண்டிலும் ரேஷன் கார்டில் பெயர் எங்கே என்பது அடிப்படை. நம் பக்கத்தில் இது சாதாரணமாக நடப்பது: பெண்ணைப் பாறசாலையிலிருந்து குழித்துறைக்குக் கட்டிக்கொடுப்பார்கள், பெயரை மட்டும் தாய்வீட்டுக் கார்டிலேயே விட்டுவிடுவார்கள். நோய் வரும் வரைக்கும் யாருக்கும் அது உறுத்தாது. வந்ததும், அண்ணன் வீட்டுத் தமிழ்நாட்டு அட்டையில் மைனி இல்லை என்பது தெரியும்.

மைனியின் பெயர் தாய்வீட்டு காஸ்பில் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவற்றில் தொடங்குவது நேர்வழி. காஸ்பில் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் குறைந்த கேரளக் குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்டும் உண்டு. மைனியின் பெயர் காஸ்பில் இல்லையென்றால் தாய்வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, அந்தச் சான்றோடு இங்கே சேர்த்து, பிறகு தமிழ்நாட்டு அட்டை. இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஆதார் காட்டிக்கொடுத்துவிடும். எதைச் செய்தாலும் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே செய்து முடியுங்கள். பாதி வைத்தியத்தில் அட்டை மாறினால் அனுமதி எல்லாம் முதலிலிருந்து.

ஒரு மாநில அட்டை அடுத்த மாநிலத்தில் செல்லுமா என்று எல்லாரும் கேட்பார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பம் என்றால், அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எந்த மாநிலத்திலும் செல்லும். மாநில அரசு தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அந்த வசதி தானாக வராது. தமிழ்நாட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டு, எந்த வகை என்று கேளுங்கள்.

காப்பீட்டுத் திட்டம் பணம் தரும் சிகிச்சைகளின் பேக்கேஜ் பட்டியலில் மார்பக மறுசீரமைப்பு என்ற பெயரையே தேடி, இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆபரேஷன் தசையோடு தோலை நகர்த்தும் ஃபிளாப், மைக்ரோ வாஸ்குலர் மறுசீரமைப்பு என்ற பெயர்களில் புற்று அறுவைப் பகுதியில் இருக்கக்கூடும். கவுண்டரில் இருக்கும் பையனைவிட, ஆஸ்பத்திரியின் காப்பீட்டு ஒருங்கிணைப்பாளரைப் பிடித்து, சர்ஜன் எழுதிய ஆபரேஷன் பெயரைக் காட்டிக் கேளுங்கள். சிலிக்கான் விலை பேக்கேஜுக்குள்ளா வெளியிலா என்பதையும் சேர்த்தே. தமிழ்நாட்டுப் பக்கம் அரசு வழி என்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு. 2018இல் சென்னை ஸ்டான்லியில் மார்பக அறுவைக்கென இலவசப் பிரிவு தொடங்கியபோது அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்று கூச்சல் எழுந்தது. அது அன்றைய பேச்சு. நீங்கள் கேட்பது புற்று வைத்தியத்தின் பாக்கி, கூச்சப்படாமல் கேளுங்கள்.

அண்டி ஆபீஸில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் இதுவரை பேசிய அட்டைகளைவிட அது பெரிய கதவு. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாக அவர்கள் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை வாங்க வேண்டும், இன்ன தொகை வரைதான் என்ற உச்சவரம்பு இல்லை. புற்று போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருஷமாவது சந்தாவில் இருந்தவருக்கு, சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருஷத்துக்குத் தரும் நீட்டித்த நோய்க்கால உதவியும் உண்டு. மைனி இதுவரை கேட்டு வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. "பிளாஸ்டிக் சர்ஜரி, அதனால் கிடையாது" என்று திருப்பினால் நம்பாதீர்கள். காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் வகுத்த பொது விதிவிலக்குகளில் அழகு அறுவை விலக்கப்பட்டிருக்கிறது, உண்மைதான். அதே வரியில் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அந்த விலக்கில் அடங்காது என்றும் இருக்கிறது. மார்பகப் புற்றுக்காக மார்பு எடுத்த பின் செய்யும் மறுசீரமைப்பு என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னை, கேரளக்காரருக்குக் கொச்சி. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

வீட்டில் கேட்பதற்குப் பதில்: 43 வயது வயதே இல்லை. ஆனாலும் இதை வயதை வைத்து வாதாடாதீர்கள். ஒரு பக்கம் கனம் போனால் தோளும் கழுத்தும் சாய்கிற சிரமம் பலருக்கு உண்டு. குளிக்கும்போது கண்ணாடியைத் திருப்பி வைத்த பெண்களையும், உறவில் கல்யாணம் என்றால் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடியே பந்தியில் உட்கார்ந்து எழுந்த பெண்களையும் நான் கண்டிருக்கிறேன். சம்மதக் கையெழுத்து மைனியுடையது. கணவரோ மாமியாரோ போட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அண்ணனை மட்டும் ஒருதரம் சர்ஜனிடம் கூட அழைத்துப் போங்கள். வரையத் தெரிந்த டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

அதே சமயம், நீங்கள் கேட்கிறீர்களே தவிர, மைனி கேட்டாரா என்று தெளிவாகத் தெரியவில்லை. வேண்டாம் என்பதும் முழுமையான பதில்தான். இன்னொரு ஆபரேஷனைத் தாங்க மனமில்லை என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அவர்கள் பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைப்பார்கள், கனம் இல்லாததால் மத்தியானத்துக்குள் அது கழுத்துப் பக்கம் ஏறிவிடும். வெளியே அணியும் சிலிக்கான் மார்பு கனத்தோடு வருகிறது. நூலில் பின்னியவற்றைத் தன்னார்வலர்கள் இலவசமாகவும் தருகிறார்கள். தையல்காரியிடம் சொல்லி பாடியின் உள்பக்கம் ஒரு பை தைத்தால் நகராது. மைனியிடம் இரண்டையும் சொல்லி, யோசிக்க அவகாசம் கொடுங்கள்.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: மார்பு எடுத்த ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், கீமோ விவரம், கரண்டு எத்தனை நாள் எந்தப் பகுதிக்கு என்ற சம்மரி, கடைசி செக்கப் ரிப்போர்ட். கரண்டு சம்மரியைத்தான் எல்லாரும் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள், பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் கேட்பதும் அதைத்தான். மதுரைக்கோ கோவைக்கோ ரயிலில் போவதென்றால், வைத்தியத்துக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை, கூடப் போகிறவருக்கு அந்த இரண்டிலும் 75 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வேண்டும். ஆன்லைனில் கிடைக்காது, குழித்துறை ஸ்டேஷன் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும்.